தொலைவு, வேகம், நேரம்: வாக்கியக் கணக்கிலிருந்து சமன்பாட்டை எப்படி எடுப்பது?

கேள்வி
பதிந்தவர்: ஆரூர்த் தேர்வர்

அனைவருக்கும் வணக்கம். நான் வரலாற்றில் இளங்கலை முடித்துவிட்டு, ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் என்.டி.பி.சி. தேர்வுக்குப் படித்து வருகிறேன். முதற்கட்டத் தேர்வின் 100 வினாக்களில் 30 வினாக்கள் கணிதத்திலிருந்து வருகின்றன. அவற்றுள் தொலைவு, வேகம், நேரம் பற்றிய வினாக்களை மாதிரித் தேர்வுகளில் நான் பெரும்பாலும் தொடாமலே விட்டுவிடுகிறேன். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கப்படும் என்பதால், ஊகித்துக் குறிக்கவும் துணிவு வருவதில்லை.

சூத்திரம் எனக்குத் தெரியும். வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினால் தொலைவு கிடைக்கும் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. எண்களை நேரடியாகக் கொடுத்துவிட்டால் விடை கண்டுவிடுகிறேன். ஆனால் அதே செய்தியை நான்கு வரிக் கதையாகச் சொன்னால், எதைத் தெரியாத அளவாகக் கொள்வது, எதை எதோடு சமப்படுத்துவது என்பது புலப்படுவதில்லை. விடைக்குறிப்பைத் திறந்தால் முதல் வரியிலேயே சமன்பாடு வந்து நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. கீழே உள்ள மூன்று கணக்குகளும் என்னைத் தடுமாறவைப்பவை.

முதலாவது: சென்னை எழும்பூருக்கும் மதுரைக்கும் இடையே தொலைவு 495 கி.மீ. என்று கொள்வோம். காலை 6.00 மணிக்கு எழும்பூரிலிருந்து ஒரு ரயில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் புறப்படுகிறது. காலை 7.30 மணிக்கு மதுரையிலிருந்து இன்னொரு ரயில் மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் எதிர்த்திசையில் புறப்படுகிறது. இரண்டும் எப்போது சந்திக்கும்?

இரண்டாவது: ஒரு ரயில் 300 கி.மீ. தொலைவைச் சீரான வேகத்தில் கடக்கிறது. அதன் வேகம் மணிக்கு 10 கி.மீ. கூடுதலாக இருந்திருந்தால் பயண நேரம் 1 மணி குறைந்திருக்கும். ரயிலின் வேகம் என்ன?

மூன்றாவது: ஒருவர் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்றால் அலுவலகத்துக்கு 10 நிமிடம் தாமதமாகவும், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சென்றால் 5 நிமிடம் முன்னதாகவும் சேர்கிறார். அலுவலகம் எவ்வளவு தொலைவில் உள்ளது?

விடை மட்டும் போதாது. வினாவைப் படிப்பதற்கும் சமன்பாட்டை எழுதுவதற்கும் இடையில் உங்கள் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1
பதிந்தவர்: கணக்கு வாத்தியார்

சகோதரிக்கு வணக்கம். பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் கேட்டிருப்பது மிகச் சரியான கேள்வி. சூத்திரம் வேறு, சமன்பாடு வேறு என்பதை நாங்கள் வகுப்பில் அழுத்திச் சொல்லாததால்தான் பலருக்கும் இந்த இடத்தில் கால் இடறுகிறது.

தொலைவு = வேகம் × நேரம் என்னும் சூத்திரம் ஒரே ஒரு பயணத்துக்குள் இருக்கும் மூன்று அளவுகளைத்தான் இணைக்கிறது. இரண்டு தெரிந்தால் மூன்றாவதைத் தரும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. வாக்கியக் கணக்கிலோ ஒரு பயணம் மட்டும் இருப்பது அரிது. இரண்டு வண்டிகள் ஓடும். அல்லது ஒரே வண்டி போய்த் திரும்பும். அல்லது உங்கள் இரண்டாவது கணக்கைப் போல, நடந்த பயணத்தோடு நடக்காத ஒரு பயணம் ஒப்பிடப்படும். சமன்பாடு பிறப்பது அந்த இரண்டு பயணங்களுக்கும் இடையில்தான். ஆகவே வினாவைப் படித்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி, இங்கே எந்த இரண்டு பயணங்கள் இருக்கின்றன, அவற்றில் எந்த அளவு பொதுவாக இருக்கிறது அல்லது எந்த அளவுக்கு இடையே உள்ள உறவு சொல்லப்பட்டிருக்கிறது என்பதுதான்.

தாளில் பயணத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் தொலைவு, வேகம், நேரம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். மூன்றில் இரண்டை வினாவிலிருந்து நிரப்புங்கள். தெரியாதது இருந்தால் அதற்கு ஓர் எழுத்தை இடுங்கள். மூன்றாவதை மட்டும் சூத்திரத்தைக் கொண்டு நிரப்புங்கள். நிரப்பி முடித்தபின் வினாவில் இன்னும் பயன்படுத்தாத செய்தி ஒன்று மிஞ்சியிருக்கும். அந்த மிச்சச் செய்தியே சமன்பாடு. நான் வேகத்துக்கு வே, நேரத்துக்கு நே, தொலைவுக்குத் தொ என்று எழுதுவது வழக்கம். எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பதை நடுவழியில் மறந்துவிடாமல் இருக்க அது உதவும்.

உங்கள் இரண்டாவது கணக்கில் இதைச் செய்து பார்ப்போம்.

நடந்த பயணம்: தொலைவு 300, வேகம் வே, நேரம் 300/வே.
எண்ணிய பயணம்: தொலைவு 300, வேகம் வே + 10, நேரம் 300/(வே + 10).

தொலைவையும் வேகத்தையும் வினாவிலிருந்து எடுத்தோம். நேரத்தைச் சூத்திரம் தந்தது. பயன்படுத்தாமல் மிஞ்சியிருப்பது 1 மணி குறையும் என்ற செய்தி. அது நேரத்தைப் பற்றியது. ஆகவே நேரத்துக்காக எழுதிய இரண்டு கோவைகளையும் அதனால் இணைக்க வேண்டும்.

300/வே − 300/(வே + 10) = 1

இருபுறமும் வே(வே + 10) ஆல் பெருக்கினால் 3000 = வே(வே + 10), அதாவது வே² + 10வே − 3000 = 0 என்னும் இருபடிச் சமன்பாடு கிடைக்கிறது. காரணிப்படுத்தினால் (வே − 50)(வே + 60) = 0. எனவே வேகம் மணிக்கு 50 கி.மீ. சரிபார்த்தால், 300 கி.மீ. தொலைவுக்கு 50 கி.மீ. வேகத்தில் 6 மணியும், 60 கி.மீ. வேகத்தில் 5 மணியும் ஆகின்றன.

வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது என்று ஒரு வரி எழுதி −60 என்ற தீர்வை அடித்துவிடுவது எல்லாரும் செய்வது. தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த 60 எங்கிருந்தோ வந்த எண் அன்று என்பதைக் கவனியுங்கள். அது எண்ணிய பயணத்தின் வேகம். கூடுதலான வேகத்தையே வே என்று எடுத்திருந்தால் 60 என்பதும் −50 என்பதும் தீர்வுகளாக வந்திருக்கும். பெருக்கற்பலன் 3000 ஆகவும் வேறுபாடு 10 ஆகவும் உள்ள இரண்டு எண்களைத்தான் சமன்பாடு தேடுகிறது. எந்தப் பயணத்துக்கு எந்த எழுத்தைக் கொடுத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வினா வேகத்தைக் கேட்கிறது என்பதற்காக வேகத்தைத்தான் தெரியாத அளவாகக் கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நேரத்தை நே என்று கொண்டு பாருங்கள். நடந்த பயணத்தின் நேரம் நே, வேகம் 300/நே. எண்ணிய பயணத்தின் நேரம் நே − 1, வேகம் 300/(நே − 1). இப்போது மிஞ்சிய செய்தி வேகம் 10 கூடும் என்பது.

300/(நே − 1) − 300/நே = 10

இதைச் சுருக்கினால் நே(நே − 1) = 30. அடுத்தடுத்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 30 வர வேண்டும் என்றால் அவை 6, 5 என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். 3000-ஐக் காரணிப்படுத்துவதை விட இது எவ்வளவு எளிது என்று நீங்களே காண்கிறீர்கள். என் அனுபவத்தில், நேர வேறுபாடு ஒரு முழு மணியாக வந்தால் நேரத்தை எழுத்தாகக் கொள்வது பெரும்பாலும் கையைக் காப்பாற்றும்.

முதல் கணக்கில் பயணங்கள் இரண்டும் உண்மையானவை. அவை தொடங்கிய நேரந்தான் வேறு. ஆகவே எந்தக் கடிகாரத்தைக் கொண்டு நேரத்தை அளக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காலை 6.00 மணியிலிருந்து சந்திக்கும் வரை நே மணி என்றால், எழும்பூர் ரயில் ஓடியது நே மணி, மதுரை ரயில் ஓடியது நே − 3/2 மணி. தொலைவுகள் 60நே, 75(நே − 3/2). மிஞ்சிய செய்தி, சந்திக்கும்போது இரண்டும் சேர்ந்து 495 கி.மீ. கடந்திருக்கும் என்பது.

60நே + 75(நே − 3/2) = 495

135நே = 607.5 என்று சுருங்கி, நே = 4.5 என வருகிறது. ஆகவே அவை காலை 10.30 மணிக்கு, எழும்பூரிலிருந்து 270 கி.மீ. தொலைவில், அதாவது ஏறத்தாழ அரியலூர்ப் பக்கத்தில், சந்திக்கின்றன. மதுரை ரயில் 3 மணி நேரத்தில் 225 கி.மீ. வந்திருக்கும், 270-ஐயும் 225-ஐயும் கூட்டினால் 495 சரியாக வருகிறது.

மூன்றாவதை இதே முறையில் நீங்களே முயன்று பாருங்கள். ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன்: அவர் எத்தனை மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தேவையே இல்லை.


மறுமொழி 2
பதிந்தவர்: விரைவுக் கணக்கு

வாத்தியார் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. ஆனால் தேர்வு அறையில் 90 நிமிடத்தில் 100 வினாக்கள். அதாவது ஒரு வினாவுக்குச் சராசரியாக 54 வினாடிகள்தான். கட்டம் வரைந்து, எழுத்து இட்டு, இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு அந்த நேரம் பெரும்பாலானோருக்குப் போதாது. ஆகவே விகித முறையையும் சகோதரி பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாவது கணக்கையே எடுத்துக்கொள்வோம். வழி ஒன்றேதான்; தொலைவு மாறவில்லை. தொலைவு மாறாதபோது வேகமும் நேரமும் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். வேகங்கள் 40, 50. அவற்றின் விகிதம் 4 : 5. ஆகவே நேரங்களின் விகிதம் 5 : 4. இரண்டு நேரங்களுக்கும் உள்ள வேறுபாடு ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு எவ்வளவு? 10 நிமிடத் தாமதத்துக்கும் 5 நிமிட முன்வருகைக்கும் இடையே உள்ள இடைவெளி 15 நிமிடம். ஆகவே மெதுவாகச் சென்றபோது ஆன நேரம் 5 × 15 = 75 நிமிடம், அதாவது ஒன்றேகால் மணி. தொலைவு 40 × 1.25 = 50 கி.மீ. எழுத்தே தேவைப்படவில்லை.

இந்த வகைக் கணக்கில் பலர் 10-இலிருந்து 5-ஐக் கழித்து 5 நிமிடம் என்று எடுத்துவிடுகிறார்கள். ஒன்று தாமதம், மற்றொன்று முன்வருகை. குறித்த நேரத்தின் இரு பக்கங்களிலும் இருப்பவற்றைக் கூட்ட வேண்டும். இரண்டுமே தாமதமாகவோ இரண்டுமே முன்னதாகவோ இருந்தால்தான் கழிக்க வேண்டும்.

முதல் கணக்குக்கும் சமன்பாடு வேண்டியதில்லை. எழும்பூர் ரயில் 7.30 மணிக்குள் 90 கி.மீ. ஓடிவிட்டது. மீதி இடைவெளி 405 கி.மீ. இரண்டும் எதிரெதிரே வருவதால் இடைவெளி மணிக்கு 135 கி.மீ. வீதம் சுருங்குகிறது. 405-ஐ 135-ஆல் வகுத்தால் 3 மணி, ஆகவே 10.30. இரண்டு வண்டிகளும் ஓடத் தொடங்கிய பிறகு உள்ள நிலையை மட்டும் பாருங்கள் என்பதே இதன் சாரம்.


மறுமொழி 3
பதிந்தவர்: பாம்பன் காற்று

மேலே உள்ள இரண்டு விளக்கங்களும் சரியானவை. ஆனால் விகித முறையை மட்டும் நம்பி அறைக்குள் செல்பவர்கள் எங்கே விழுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைகீழ் விகிதம் செல்லுபடியாவது தொலைவு சமமாக இருக்கும்போது மட்டுமே. நேரம் சமமாக இருந்தால் தொலைவும் வேகமும் நேர் விகிதத்தில் இருக்கும். எது சமம் என்று பார்க்காமல் விகிதத்தைத் திருப்பிப் போட்டுவிட்டால், விடை தவறாக வருவதோடு, அந்தத் தவறான விடை நான்கு தெரிவுகளில் ஒன்றாகவும் அச்சாகியிருக்கும்.

இதற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டு சராசரி வேகம். ஒருவர் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓர் ஊருக்குச் சென்று, அதே வழியில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் திரும்புகிறார், முழுப் பயணத்தின் சராசரி வேகம் என்ன? 50 என்று கை தானாகக் குறிக்கும். ஒரு வழித் தொலைவு 120 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள். போக 2 மணி, திரும்ப 3 மணி; மொத்தம் 240 கி.மீ., 5 மணி; சராசரி மணிக்கு 48 கி.மீ. மெதுவான வேகத்தில் அவர் அதிக நேரம் இருந்தார், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. 120-க்குப் பதிலாக வேறு எந்தத் தொலைவை எடுத்தாலும் 48 தான் வரும். மாறாக, பாதி நேரம் 60 கி.மீ. வேகத்திலும் பாதி நேரம் 40 கி.மீ. வேகத்திலும் சென்றார் என்றிருந்தால் 50 என்பதே சரியான விடை. இரண்டு வினாக்களுக்கும் இடையே எண்களில் வேறுபாடே இல்லை. சமமாக இருப்பது தொலைவா நேரமா என்பதில் மட்டுமே வேறுபாடு.

இதன் இன்னொரு வடிவம் எனக்கு மிகவும் பிடித்தது. 60 கி.மீ. தொலைவிலுள்ள ஊருக்கு ஒருவர் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சென்றுவிட்டார். போய்த் திரும்பும் முழுப் பயணத்துக்கும் சராசரி மணிக்கு 60 கி.மீ. வர வேண்டுமானால் எந்த வேகத்தில் திரும்ப வேண்டும்? 90 என்று சொல்லத் தோன்றும். ஆனால் 120 கி.மீ. தொலைவை மணிக்கு 60 கி.மீ. சராசரியில் கடக்க 2 மணிதான் உண்டு. அந்த 2 மணியையும் அவர் போகும்போதே செலவழித்துவிட்டார். எந்த வேகத்தாலும் இனி இயலாது. சமன்பாடு எழுதியிருந்தால் 120/(2 + 60/வே) = 60 என்று வந்து, 60/வே = 0 என்று முடிந்திருக்கும்; தீர்வு இல்லை என்பதைச் சமன்பாடே சொல்லியிருக்கும். குறுக்குவழி அப்படிச் சொல்லாது.

ரயில் நீளம் வரும் கணக்குகளைப் பற்றி இதுவரை யாரும் தொடவில்லை. ரயில்வே தேர்வில் அவை தவறாமல் எதிர்பார்க்க வேண்டியவை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் நீளம் 2.08 கி.மீ. ஒரு பெட்டியை ஏறத்தாழ 24 மீட்டர் என்று கொண்டால், 20 பெட்டிகள் உள்ள ரயிலின் நீளம் 480 மீட்டர்; எளிமைக்காக எஞ்சினை விட்டுவிடுவோம். அந்த ரயில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், முதலில் அலகுகளை ஒன்றாக்க வேண்டும். 1 கி.மீ. என்பது 1000 மீட்டர், 1 மணி என்பது 3600 வினாடி. ஆகவே மணிக்குக் கி.மீ. என்பதை வினாடிக்கு மீட்டராக்க 5/18 ஆல் பெருக்குகிறோம். 72 × 5/18 = 20. அடுத்து, எந்தத் தொலைவு? ரயிலின் முகப்பு பாலத்தின் தொடக்கத்தைத் தொடும் கணத்திலிருந்து அதன் கடைசிப் பெட்டி மறுமுனையை விட்டு நீங்கும் கணம் வரை முகப்பு நகர்ந்த தொலைவு 2080 + 480 = 2560 மீட்டர். நேரம் 128 வினாடி. ரயிலின் நீளத்தை மறந்துவிட்டால் 104 வினாடி என்று வரும். வினா அமைப்பவர் அதையும் ஒரு தெரிவாகக் கொடுத்து வைத்திருப்பார். முழு ரயிலும் பாலத்தின் மேல் இருக்கும் நேரம் எவ்வளவு என்று கேட்டாலோ, 480-ஐக் கூட்டாமல் கழிக்க வேண்டும்: 1600 மீட்டர், 80 வினாடி. ரயிலின் மேல் ஒரு புள்ளியைத் தேர்ந்துகொண்டு அந்தப் புள்ளி எங்கிருந்து எங்கு சென்றது என்று படம் வரைந்தால், கூட்டுவதா கழிப்பதா என்ற ஐயமே எழாது.

இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று கடக்கும்போதும் இதே கதைதான். நீளங்கள் 480 மீட்டர், 320 மீட்டர் உள்ள இரண்டு ரயில்கள் எதிர்த்திசையில் 20 வினாடியிலும், ஒரே திசையில் 160 வினாடியிலும் ஒன்றையொன்று கடக்கின்றன என்றால், கடக்க வேண்டிய தொலைவு இரண்டு முறையும் 800 மீட்டர். வேகங்களின் கூடுதல் வினாடிக்கு 40 மீட்டர்; வேறுபாடு 5 மீட்டர். ஆகவே வேகங்கள் 22.5, 17.5, அதாவது மணிக்கு 81 கி.மீ., 63 கி.மீ. ஆற்றோட்டத்தோடும் ஓட்டத்தை எதிர்த்தும் செல்லும் படகுக் கணக்குகளும் இதே அமைப்பு உடையவை என்பதால் அவற்றைத் தனியே எழுதவில்லை.

எதிரெதிரே வந்தால் வேகங்களின் கூடுதலாலும், ஒரே திசையில் சென்றால் வேகங்களின் வேறுபாட்டாலும் இடைவெளியை வகுக்க வேண்டும் என்னும் இந்த விதி, கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் எழுதிய நூலின் கணிதப் பகுதியில் ஒரு செய்யுளாகவே இருக்கிறது. வானில் இரண்டு கோள்கள் எப்போது சந்திக்கும், அல்லது எப்போது சந்தித்துப் பிரிந்தன என்பதைக் கணிக்க அது பயன்பட்டது. கடிகார முட்களும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவையே: நிமிட முள் நிமிடத்துக்கு 6 பாகையும் மணி முள் அரைப் பாகையும் நகர்வதால், 3 மணிக்கு 90 பாகை பின்தங்கியிருக்கும் நிமிட முள், 90-ஐ 5.5-ஆல் வகுத்தால் வருகிற 16 4/11 நிமிடத்தில் மணி முள்ளைப் பிடித்துவிடும்.


ஆரூர்த் தேர்வர் எழுதியது

மூவருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்ன முறையில் மூன்றாவது கணக்கைச் செய்தேன். தெரியாத தொலைவைத் தொ என்று கொண்டேன். முதல் வரியில் நேரம் தொ/40, இரண்டாம் வரியில் தொ/50. மிஞ்சிய செய்தி, இரண்டு நேரங்களுக்கும் இடையே கால் மணி வேறுபாடு என்பது. தொ/40 − தொ/50 = 1/4 என்றால் தொ/200 = 1/4; எனவே தொ = 50. விகித முறையில் வந்த விடையும் இதுவே. 15 நிமிடத்தை 15 என்றே எழுதாமல் கால் மணி என்று எழுத வேண்டும் என்பதை அலகுகள் பற்றிய குறிப்பைப் படித்த பிறகே கவனத்தில் கொண்டேன்.

ஆனால் கீழ்க்காணும் கணக்குக்குக் கட்டம் வரைந்தும் நகர முடியவில்லை. இரண்டு ரயில்கள் இரண்டு ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் ஒன்றை நோக்கி ஒன்று புறப்படுகின்றன. சந்தித்த பிறகு முதல் ரயில் 4 மணி நேரத்திலும் இரண்டாவது ரயில் 9 மணி நேரத்திலும் எதிர் ஊரை அடைகின்றன. அவற்றின் வேகங்களின் விகிதம் என்ன? இதில் தொலைவும் தரப்படவில்லை, வேகமும் தரப்படவில்லை. எல்லா இடத்திலும் எழுத்தாகவே நிற்கிறது. வேகங்களின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். ஏன் என்று சொல்லவில்லை.


மறுமொழி 4
பதிந்தவர்: கணக்கு வாத்தியார்

மூன்றாவது கணக்கைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இப்போது கேட்டிருக்கும் கணக்கில் நீங்கள் இரண்டு வரிகள் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே பயணங்கள் இரண்டு அல்ல, நான்கு. சந்திக்கும் இடம் ஒவ்வொரு ரயிலின் பயணத்தையும் இரண்டாகப் பிரிக்கிறது.

முதல் ரயிலின் வேகம் மு என்றும், இரண்டாவது ரயிலின் வேகம் இ என்றும், புறப்பட்டதிலிருந்து சந்திக்கும் வரை ஆன நேரம் நே என்றும் கொள்வோம். ஒரே நேரத்தில் புறப்பட்டதால் அந்த நே இரண்டுக்கும் பொது.

முதல் ரயில், சந்திப்புக்கு முன்: நேரம் நே, தொலைவு மு × நே.
முதல் ரயில், சந்திப்புக்குப் பின்: நேரம் 4, தொலைவு 4மு.
இரண்டாவது ரயில், சந்திப்புக்கு முன்: நேரம் நே, தொலைவு இ × நே.
இரண்டாவது ரயில், சந்திப்புக்குப் பின்: நேரம் 9, தொலைவு 9இ.

இனி தண்டவாளத்தை ஒரு கோடாக வரைந்து, நடுவில் எங்கோ சந்திப்பைக் குறித்துப் பாருங்கள். சந்தித்த பிறகு முதல் ரயில் ஓடும் பாதை எது? சந்திப்பதற்கு முன் இரண்டாவது ரயில் ஓடி வந்த அதே துண்டு. அதுபோல், சந்தித்த பிறகு இரண்டாவது ரயில் ஓடுவது முதல் ரயில் முன்பு கடந்த துண்டு. வினாவில் எழுதப்படாத, ஆனால் படத்தில் கண்ணுக்குத் தெரிகிற சமம் இதுதான்.

4மு = இ × நே
9இ = மு × நே

முதல் சமன்பாட்டிலிருந்து மு/இ = நே/4. இரண்டாவதிலிருந்து மு/இ = 9/நே. இரண்டும் ஒன்றே என்பதால் நே/4 = 9/நே; ஆகவே நே² = 36, நே = 6. இதை மீண்டும் பொருத்தினால் மு/இ = 6/4, அதாவது 3 : 2. நீங்கள் காணொளியில் கேட்ட வர்க்கமூலம் நே² என்பதிலிருந்து வந்தது. நே என்னும் ஒரே எழுத்து இரண்டு சமன்பாடுகளிலும் இருப்பதால் அது தன்னோடு தானே பெருக்கப்படுகிறது.

எண்களை வைத்துச் சரிபார்ப்போம். வேகங்கள் மணிக்கு 60, 40 என்று கொண்டால், 6 மணி நேரத்தில் சந்திப்பு, மொத்தத் தொலைவு 600 கி.மீ. முதல் ரயிலுக்கு மொத்தம் 10 மணி, இரண்டாவதற்கு 15 மணி. முறையே 6-ஐக் கழித்தால் 4, 9. உண்மையான வேகங்களை இந்த வினாவிலிருந்து காண முடியாது; விகிதம் மட்டுமே கிடைக்கும். ஒரு ரயிலின் வேகத்தைக் கூடுதலாகத் தந்திருந்தால் மற்றதும் கிடைத்திருக்கும்.


மறுமொழி 5
பதிந்தவர்: விரைவுக் கணக்கு

இதற்கான குறுக்குவழி, சந்திப்புக்குப் பின் ஆன நேரங்களைத் தலைகீழாக வைத்து வர்க்கமூலம் எடுப்பது: √9 : √4, அதாவது 3 : 2. தேர்வில் இதையே பயன்படுத்துங்கள். ஐந்து வினாடியில் முடிந்துவிடும்.

ஆனால் வாத்தியார் ஐயா ஒரே நேரத்தில் புறப்பட்டதால் நே இரண்டுக்கும் பொது என்று எழுதிய வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்; குறுக்குவழி முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. முதல் ரயில் 1 மணி முன்னதாகப் புறப்பட்டு, சந்தித்த பிறகு முதல் ரயிலுக்கு 4 மணியும் இரண்டாவதற்கு 5 மணியும் ஆனது என்று வினா மாறினால், குறுக்குவழி √5 : √4 என்று ஒரு விகிதத்தைத் தரும், அது தவறு. முதல் ரயில் சந்திப்புக்கு முன் நே மணியும், இரண்டாவது நே − 1 மணியும் ஓடியிருக்கும். ஆகவே 4மு = இ(நே − 1), 5இ = மு × நே. இரண்டையும் பெருக்கிச் சுருக்கினால் நே(நே − 1) = 20, நே = 5. மு/இ = (5 − 1)/4 = 1. இரண்டு ரயில்களின் வேகமும் சமம்.